‘ஐகோர்ட் அதிரடி’: குமரி மாவட்டத்துக்காரர் தீர்ப்பை எப்படிப் படிப்பது?

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தின் பெட்டிக்கடைகளில் தொங்கும் நாளிதழ்ச் சுவரொட்டிகளில் ‘ஐகோர்ட் அதிரடி’ என்ற இரண்டு சொற்களைப் பார்க்காமல் ஒரு வாரத்தை ஓட்டுவது கடினம். அதிரடி இல்லாத நாளில் ‘கிடுக்கிப்பிடி’ இருக்கும். அதுவும் இல்லையென்றால் ‘சரமாரிக் கேள்வி’. காலையில் சுவரொட்டியாக இருந்தது மதியத்துக்குள் டீக்கடைப் பேச்சாகி, சாயங்காலம் ‘இனிமேல் இதுதான் சட்டம்’ என்று வீடு வந்து சேர்ந்துவிடும்.

தோவாளைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இரண்டு பக்க உத்தரவு ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பட்டா கொடுக்கும்படி ஐகோர்ட் சொல்லிவிட்டது, இனி யாராலும் தன்னை அசைக்க முடியாது என்றார். தாளை அழகாக லேமினேட் செய்து வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். பட்டா கொடுக்கும்படி அதில் எங்குமே சொல்லவில்லை. மனுதாரர் கொடுத்த விண்ணப்பத்தைத் தாசில்தார் சட்டப்படி, தகுதியின் அடிப்படையில் பரிசீலித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பளித்து, பன்னிரண்டு வாரத்துக்குள் தக்க உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. வழக்கின் தகுதிக்குள் இந்த நீதிமன்றம் செல்லவில்லை என்ற வரியும் அதிலேயே இருந்தது. தாசில்தார் பரிசீலித்து ‘முடியாது’ என்று எழுதினாலும் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததாகவே ஆகும்.

உயர் நீதிமன்றத்திலிருந்து சாதாரண மக்கள் கைக்கு வருகிற தாள்களில் இந்த வகைதான் ஏராளம். ‘பரிசீலிக்க உத்தரவு’ என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வார்கள். அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு (அரசு அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட்டால், அதிகாரி தன் கடமையைச் செய்யாமல் மனுவைக் கிடப்பில் போட்டிருக்கிறாரா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். நிலம் யாருடையது என்ற கேள்வியை ரிட் மனுவில் தீர்ப்பது மிக அரிது. அதற்குச் சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும் வேண்டும். அவை பூதப்பாண்டி, இரணியல், குழித்துறை, பத்மநாபபுரம் போன்ற ஊர்களின் கோர்ட்டுகளில் இருக்கின்றன. அந்தப் பட்டாவே கிடைத்தாலும் அது வருவாய்த்துறைப் பதிவுதான், சொத்துரிமைக்கு முடிவான சான்று ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. நான் அரசாங்கத்தின் ஆள் என்று நினைத்திருக்கக்கூடும்.

இந்த மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இருக்கிற உறவே கொஞ்சம் விசித்திரமானது. திருவிதாங்கூர் காலத்தில் மேல் கோர்ட் திருவனந்தபுரத்தில் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர்கூட இராது. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அது எர்ணாகுளத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு சேர்ந்ததும் ஐகோர்ட் எழுநூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் போய் நின்றது. தாய்த்தமிழகத்தோடு இணைந்த மகிழ்ச்சியில் இந்தத் தூரக்கணக்கை அப்போது யாரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். வாய்தாவுக்கு ரயிலேறியவர்கள் எண்ணியிருப்பார்கள். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்பட்ட பிறகு தூரம் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தது. இன்று கிளை இருக்கிற உலகனேரியில் காலையில் வழக்கைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

மதுரைக் கிளை தனியான உயர் நீதிமன்றம் அல்ல. 1862-இல் தொடங்கிய அதே சென்னை உயர் நீதிமன்றத்தின் இன்னொரு இருப்பிடம் அது. சென்னையில் உட்கார்ந்து ஒரு நீதிபதி சொன்னதும் மதுரையில் சொன்னதும் குமரி மாவட்டத்துக்கு ஒரே எடைதான். ஆனால் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கதை வேறு. நம் ஊரில் பாதிப் பேர் மலையாளச் சேனல் பார்க்கிறவர்கள். ‘ஐகோர்ட் சொல்லிவிட்டது’ என்று விளவங்கோடு பக்கம் ஒருவர் அடித்துப் பேசினால், எந்த ஐகோர்ட் என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை இங்குள்ள நீதிபதி மதிப்போடு படிப்பார், சில நேரம் ஏற்றுக்கொள்வார், கட்டுப்பட வேண்டியதில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றினால், ஒரு வாரிசுச் சொத்துத் தகராறை முழுதாகப் பார்க்கலாம். தீர்ப்பின் எடை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த மாவட்டத்தில் கிடைக்காது.

திருவிதாங்கூர் அரசு 1916-இல், அதாவது கொல்லம் ஆண்டு 1092-இல், கிறிஸ்தவர்களுக்கு ஒரு வாரிசுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்கு, மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் (திருமணச் சீதனம்) வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். 1951 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசின் சட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்கு நீட்டிக்கப்பட்டன. அவற்றில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் ஒன்று. அது மகனையும் மகளையும் ஒரே தராசில் வைக்கிற சட்டம். அப்படியானால் பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் அன்றோடு செத்ததா, இல்லையா?

செத்தது என்று 1970-களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். சில ஆண்டுகளிலேயே அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, சாகவில்லை, அது காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று சொல்லி அதைப் புரட்டிப் போட்டது. தனி நீதிபதியின் சொல்லை அமர்வு மாற்றலாம். அமர்வின் சொல்லுக்குத் தனி நீதிபதி கட்டுப்பட வேண்டும். ஆகவே குமரிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பாகப்பிரிவினையில் நான்கில் ஒரு பங்குக் கணக்கு மறுபடியும் செல்லுபடியானது. கேரளத்துப் பெண்மணி மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். தோற்றுப்போன தனி நீதிபதியின் பார்வைதான் கடைசியில் வென்றது.

நடுவில் கழிந்த அந்தச் சில ஆண்டுகளில் ‘சட்டம் இதுதான், கையெழுத்துப் போடு’ என்று சொல்லி எத்தனை சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்கியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பது உண்டு. வாங்கியவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்குச் சட்டம் அதுதான். தீர்ப்புக்கும் ஆயுள் உண்டு. சிலது நூறாண்டு வாழும், சிலது மறு கூட்டத்தொடர் வரைகூடத் தாங்காது.

மருமக்கள்வழியின் கதையும் இதே ஊரில் பிறந்ததுதான். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மாமன் சொத்து மருமகனுக்குப் போவதால் பெற்ற பிள்ளைகள் பட்ட பாட்டைத் தேரூர்க் கவிமணி பாடியே தீர்த்தார். அந்த முறையைத் திருத்த 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. கேரளம் 1975-இல் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்துத் தனிச்சட்டம் போட்டது. குமரி அதற்குள் தமிழகத்தில் இருந்ததால் அந்தச் சட்டம் இங்கு வரவில்லை. எல்லைக்கு இருபுறமும் ஒரே தறவாட்டின் (கூட்டுக்குடும்பத்தின்) கிளைகள், இரண்டு சட்டங்கள். பழைய பாகப்பிரிவினை வழக்குகளை எடுத்துப் பார்க்கிற இளம் வக்கீல்கள் தலையைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது.

இங்கே ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குமரியில் கொஞ்சம் பழைய வீடு எதிலாவது இரும்புப் பெட்டியைத் திறந்தால் மலையாள எழுத்தில் ஒரு பத்திரம் இருக்கும். மடிப்பில் கிழிந்து, தொட்டால் பொடியாகிற தாள். தலைப்பில் கொல்லம் ஆண்டு. எல்லைகள் எண்களில் இல்லாமல் ‘வடக்கே கொளம், கிழக்கே இன்னாரின் விளை’ என்று மனிதர்களாலும் மரங்களாலும் குறிக்கப்பட்டிருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் மிஞ்சியிருக்கிறார்கள். அந்தக் கொளம் தூர்ந்து போயிருக்கலாம்; இன்னாரின் பேரன் துபாயில் இருக்கலாம்.

2022-இல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்று சேர்ந்தது. சொத்தை விற்க வருகிறவர் அந்தச் சொத்து தனக்கு வந்த முன்பத்திரத்தின் அசலையும் வில்லங்கச் சான்றையும் காட்ட வேண்டும். அசல் தொலைந்திருந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சான்று வேண்டும். இல்லையென்றால் சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பி அனுப்பலாம். போலிப் பத்திரங்களை ஒழிக்கவே இது என்று அரசு சொன்னது. அந்த நோக்கத்தில் தவறு காண முடியாது. ஆனால் அசல் மூத்த சித்தப்பாவின் மகனிடம் இருக்கிறது, அவனுக்கும் நமக்கும் பத்து வருடமாகப் பேச்சு இல்லை என்கிற குடும்பங்கள் குமரியில் எத்தனை! மூலப்பத்திரம் மலையாளத்தில் இருந்தால் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்புக்கு அலைய வேண்டும்.

இந்த விதியின்பேரில் பதிவு மறுக்கப்பட்ட ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். தனி நீதிபதியிடம் தோற்றார், அமர்விலும் தோற்றார். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று அவர் பக்கம் சாய்ந்தது. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் அதிகாரத்தை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குக் கொடுக்கவே இல்லை. சட்டம் கொடுக்காததை விதி கொடுக்க முடியாது என்று சொல்லி, 55-ஏ விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாததாக்கியது. போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று தமிழகம் சேர்த்த 77-ஏ பிரிவையும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தள்ளியிருந்தது. எது போலி, யார் உடைமையாளர் என்பது சிவில் கோர்ட்டின் வேலை என்பதுதான் இரண்டுக்கும் அடியில் ஓடுகிற நீரோட்டம்.

‘இனி மூலப்பத்திரம் தேவையில்லை’ என்று அன்று பரவிய செய்தியைப் பார்த்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். இரண்டு விஷயங்களை யாரும் சுவரொட்டியில் போடவில்லை. ஒன்று, அதே ஏப்ரல் மாதத்திலேயே சட்டமன்றம் அதே நோக்கத்தோடு பதிவுச் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. விதியில் இருந்ததைச் சட்டத்திலேயே ஏற்றிவிட்டால் உச்ச நீதிமன்றம் சொன்ன குறை நீங்கிவிடும் என்பது கணக்கு. தீர்ப்புக்கு அரசு தருகிற பதில் பல நேரம் மேல்முறையீடாக இருக்காது, மசோதாவாக இருக்கும். இன்னொன்று, பதிவான பத்திரம் என்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்த பத்திரத்தை ஆயிரம் முறை பதிந்தாலும் வாங்கியவருக்குக் கிடைப்பது தாளும் முத்திரைத்தீர்வைச் செலவும்தான்.

நிலத்தைவிட்டு வீட்டுக்குள் போவோம். 2023 ஜூனில் சென்னையில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தந்த ஒரு தீர்ப்பு இங்கே வளைகுடாக் குடும்பங்களில் நிறையப் பேசப்பட்டது. வழக்கு குமரியினுடையது அல்ல. ஆனால் ஆட்களின் பெயரை மாற்றினால் மார்த்தாண்டத்துக் கதையாகிவிடும். கணவர் சவூதி அரேபியாவில் பத்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். கணவர் அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. திரும்பிவந்த பிறகு ‘என் பணம், என் சொத்து’ என்று தகராறு. இரண்டாம் மேல்முறையீட்டில் நீதிபதி சொன்னது: இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டைத் தாங்குகிற மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவர் நிம்மதியாகச் சம்பாதித்திருக்க முடியாது, ஆகவே அந்தச் சேமிப்பில் மனைவிக்கும் பங்கு உண்டு. சில சொத்துகளில் சரிபாதி கொடுத்தார்.

நல்ல தீர்ப்பு, என் மனத்துக்கு மிகப் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று. ஆனால் ‘கணவன் சொத்தில் மனைவிக்குப் பாதி’ என்று எழுதப்பட்டது சரியா? வீட்டுவேலையின் பங்களிப்பை அங்கீகரிக்கத் தனியான சட்டம் ஏதும் இல்லை என்பதையும், அங்கீகரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பே சொல்கிறது. அதாவது, அந்த வழக்கின் சாட்சியங்களை வைத்து, அந்தச் சொத்துகளுக்கு, ஒரு தனி நீதிபதி கண்ட நியாயம் அது. நாளைக்கு இன்னொரு பெண் வழக்குப் போட்டால் இதைக் காட்டலாம், வாதாடலாம். தானாகப் பாதி கைக்கு வந்துவிடாது.

இரண்டாம் மேல்முறையீடு என்றேன். குழித்துறை முன்சீப் கோர்ட்டில் தொடங்குகிற வேலித்தகராறு சப் கோர்ட்டுக்கு மேல்முறையீடாகப் போய், அதிலும் தோற்றவர் மதுரைக்கு வரும்போது அதற்கு இந்தப் பெயர். 1976-இல் திருத்தப்பட்ட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு அதன் கதவை மிகவும் ஒடுக்கிவிட்டது. முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். ‘சாட்சி பொய் சொன்னான், இரண்டு நீதிபதிகளும் நம்பிவிட்டார்கள்’ என்பது அந்தக் கதவைத் திறக்காது. இது தெரியாமல் தென்னந்தோப்பில் பாதியை விற்று வழக்கு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

கோயில் விஷயத்துக்கு வந்தால் குரல்கள் தானாக உயரும். குமரியில் கோயில்களின் நிர்வாகக் கதையே தனி. திருவிதாங்கூர் தேவஸ்வத்தின் (கோயில் நிர்வாக அமைப்பின்) கையில் இருந்த 490 கோயில்கள் இணைப்புக்குப் பின் தமிழக அரசின் பொறுப்புக்கு வந்தன. எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட, 1936 நவம்பர் 12 அன்று வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் வாசனை இன்னும் இங்கு இருக்கிறது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு 418 ஆண்டுகளுக்குப் பின் 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடந்தது. அதற்குச் சில நாள் முன், இந்து அல்லாதவர்கள் அதில் பங்கேற்கத் தடை கேட்டு மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு வந்தது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், ஹேமலதா அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. இப்படிப் பொதுவாக நடக்கிற விழாவில் வருகிற ஒவ்வொருவரின் மதத்தையும் சோதித்து அனுப்புவது அதிகாரிகளால் ஆகிற காரியம் இல்லை என்றது. பிறப்பால் கிறிஸ்தவரான யேசுதாஸ் பாடிய பக்திப் பாடல்கள் கோயில்களில் ஒலிப்பதையும், நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் இந்துக்கள் போவதையும் எடுத்துக்காட்டியது.

2024 ஜனவரி 30 அன்று அதே மதுரைக் கிளையில் நீதிபதி ஸ்ரீமதி பழனி வழக்கில் தீர்ப்பளித்தார். இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இல்லை என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். கோயில் சுற்றுலாத் தலம் அல்ல. நம்பிக்கையோடு சாமி கும்பிட வருகிற பிற மதத்தவர் உறுதிமொழி எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம். பழனிக்கு மட்டும் கேட்கப்பட்டதை எல்லாக் கோயில்களுக்கும் விரித்தார்.

இரண்டையும் அருகருகே வைத்து ‘ஐகோர்ட்டே மாற்றி மாற்றிப் பேசுகிறது’ என்பவர்கள் உண்டு. கேட்கப்பட்ட கேள்விகளே வேறு. முதலாவது, நடக்கப்போகிற ஒரு விழாவில் கூட்டத்தைச் சோதிக்க உத்தரவு கேட்டது. இரண்டாவது, கோயிலில் ஏற்கெனவே இருந்து அகற்றப்பட்ட பலகையைத் திரும்ப வைக்கக் கேட்டது. இரண்டும் உரசுகிற இடமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை: ஒன்று இரு நீதிபதிகள் சொன்னது, மற்றது ஒருவர் சொன்னது. இப்படி உரசுகிற இடத்தில் அமர்வு சொன்னதற்கே எடை அதிகம்; மேல்முறையீட்டில் அமர்வு ஒன்றோ உச்ச நீதிமன்றமோ இதை நேராக்க வேண்டும். அதுவரை இரு தரப்பும் தத்தமக்கு வசதியானதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கும். சுசீந்திரத்தில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவரிடம் மதம் கேட்கப்பட்டு நான் பார்த்தது இல்லை.

மதமும் சட்டமும் மோதுகிற இன்னொரு வழக்கு தேரூரிலிருந்து வந்தது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பேரூராட்சித் தலைவர் பதவியில் இருந்தவர், முன்பு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் திருமணம் செய்துகொண்டவர் என்பதால் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று 2025-இல் நீதிபதி விக்டோரியா கௌரி தீர்ப்பளித்தார். கேட்கிறவர்களுக்கு இது தனிமனித விஷயம்போலத் தெரியும். இதன் வேர் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. முதலில் இந்துக்கள், 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர். இந்த மூன்று மதங்களுக்கு வெளியே போனவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்பது அந்த ஆணை. ஆகவே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி ‘யாரை மணந்தார்’ என்பது அல்ல, ‘மதம் மாறினாரா’ என்பதே. அதற்குத் திருமணப் பதிவேடும் ஞானஸ்நானமும் சாட்சியாகின்றன. இரு மதத்தவர் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு மணக்க 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் என்று ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் கலப்புமணம் நடக்கிற வீடுகளில் பந்தலுக்கும் பிரியாணிக்கும் ஆகிற விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட எந்தச் சட்டத்தில் பதிவது என்பதற்கு ஆவதில்லை.

சமூகத்தில் ஒடுக்குமுறை மதம் மாறியதும் மறைந்துவிடுகிறதா என்பது வேறு கேள்வி. அதை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. அந்தக் கேள்விக்கு உயர் நீதிமன்றத்திடம் பதில் எதிர்பார்ப்பது, பஸ் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கண்டக்டரிடம் சண்டை போடுவதுபோல.

குற்றவியல் வழக்குகளில் வாசகர் ஏமாறுவது இன்னும் எளிது. 2021 ஜூலையில் அருமனையில் நடந்த ஒரு கூட்டத்தில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் பேசிய பேச்சு பெரிய கொந்தளிப்பானது. முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கேட்டு அவர் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஜனவரியில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சில பிரிவுகளை நீக்கினார். மத விரோதத்தைத் தூண்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது தொடர்பான பிரிவுகளை நீக்க மறுத்தார். ‘குற்றம் உறுதி’ என்று ஒரு தரப்பும் ‘பாதி வெற்றி’ என்று மறுதரப்பும் கொண்டாடின. இரண்டுமே அவசரம். ரத்து மனுவில் நீதிமன்றம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கும்: புகாரில் சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அது குற்றமாகுமா? ஆகலாம் என்று தோன்றினால் விசாரணை நடக்கட்டும் என்று விட்டுவிடும். அந்தப் பயணத்தில் இது முதல் ஸ்டாப்.

குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவரை ஐகோர்ட் விடுவித்தது என்ற செய்தியும் இதே வகை. 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் விசாரணை இல்லாமல் ஓராண்டுவரை அடைத்துவைக்கிறது என்பதால் நடைமுறையில் நூலிழைப் பிசகும் கூடாது. கைதி கொடுத்த முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்கவே முடியாமல் இருந்தது என்பவை போதும் உத்தரவு விழ. அதற்காக அவர்மேல் உள்ள அசல் வழக்கு போய்விடவில்லை.

அண்மையில் நாடெங்கும் பேசப்பட்ட இரண்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். கணவர் மனைவியின் செல்போன் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கோர்ட்டில் கொடுத்தது செல்லாது, தம்பதிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்று 2024 அக்டோபரில் மதுரைக் கிளை சொன்னது. அருமையான வரிகள் உள்ள தீர்ப்பு. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2025 ஜூலை 14 அன்று, பஞ்சாபிலிருந்து போன வேறொரு வழக்கில், தம்பதி வழக்கில் ரகசியப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுரைத் தீர்ப்பை யாரும் நேரடியாக ரத்து செய்யவில்லை. அதன் காலடி மண் சரிந்துவிட்டது. பழைய தீர்ப்பின் யூடியூப் வீடியோக்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதேபோல், ‘கிரிப்டோவுக்கு ஐகோர்ட் அங்கீகாரம்’ என்று 2025 அக்டோபரில் வந்ததும், சமரசத் தீர்ப்பாயத்தில் வழக்கு முடியும்வரை ஒரு முதலீட்டாளரின் கிரிப்டோவை (இணைய நாணயங்களை)க் காப்பாற்றக் கொடுத்த இடைக்கால உத்தரவுதான். கிரிப்டோவை ஒரு வகைச் சொத்தாகக் கருதலாம் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதில் சொன்னது முக்கியமானது. அதை நம்பித் தக்கலையில் ஒருவர் சீட்டுப் பணத்தை அதில் போட்டால் அது அவர் பாடு.

ஆக, செய்தியைப் பார்த்ததும் நான் தேடுவது மூன்று நான்கு விவரம்தான். சொன்னது ஒருவரா, இருவரா? இடைக்காலமா, இறுதியா? வழக்கு எண்ணின் முன்னால் ரிட் மனு என்று இருக்கிறதா, இரண்டாம் மேல்முறையீடு என்று இருக்கிறதா, குற்றவியல் அசல் மனு என்று இருக்கிறதா? விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்ட கேள்வியா, கையெழுத்திட்ட உத்தரவில் உள்ள வரியா? ‘சரமாரிக் கேள்வி’ எல்லாம் பெரும்பாலும் முதல் வகை. வக்கீலை மடக்கிப் பார்க்க நீதிபதி கேட்பது. மறுநாள் நேர் எதிராகவே உத்தரவு வரலாம். வழக்கு எண் இருந்தால் உத்தரவையே உயர் நீதிமன்ற இணையதளத்தில் காசில்லாமல் எடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்தின் கடைசி இரண்டு பத்தியை மட்டும் வக்கீலிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாலும் போதும். உத்தரவு குடியிருப்பது அங்கேதான்.

தோவாளைப் பெரியவரின் தாளிலும் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் மறுபடி படித்தேன். பன்னிரண்டு வாரம் என்றால் எந்த நாளிலிருந்து? ‘இந்த உத்தரவின் நகல் கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து’ என்று இருந்தது. தாசில்தார் அலுவலகத்தில் நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். பெரியவர் என்னைப் பார்த்தார். ஐகோர்ட்டே சொன்ன பிறகு நாம் போய் எதைக் கொடுக்க வேண்டும், அவர்களுக்குத் தபாலில் வந்திருக்காதா என்றார். உத்தரவு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அலுவலகம் அதை நிறைவேற்றவில்லை என்று அவமதிப்பு மனு போடலாம் என்றால், அதற்கும் ஓராண்டுதான் கெடு. முதலில் நகல் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று வேண்டும்.

லேமினேட் செய்த தாளில் சீல் குத்த முடியாது. ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டு பிரதி எடுத்து, மேலே ஒரு விண்ணப்பமும் எழுதிக்கொண்டு கிளம்பினோம்.